பழைய சுவிட்சின் அழுக்குப் போர்ட்டுகள்: எதைக் கொண்டு துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது

சென்னை ரிச்சி தெருவில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் மாதிரி ஒரு பழைய நெட்வொர்க் சுவிட்சுக்கு (கணினிகளையும் கேமராக்களையும் கேபிளால் இணைக்கும் பெட்டி) விலை பேசினால், "ரெண்டு மூணு போர்ட் டெட் சார், அதான் இந்த ரேட்டு" என்ற பேச்சு வரும். அந்த 'டெட்' போர்ட்டுகளில் பல சாகவில்லை, அழுக்கேறிக் கிடக்கின்றன. ஏசி ஓடும் சர்வர் அறையில் இருந்த பெட்டியும், சிசிடிவிக்காகக் கம்பத்துப் பெட்டியில் வெயிலும் மழையும் பார்த்த பெட்டியும் கடை அலமாரியில் ஒரே மாதிரிதான் தெரியும். போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால்தான் வித்தியாசம் புரியும். ஒன்றில் மெல்லிய சாம்பல் தூசு இருக்கும். மற்றதில் சிலந்தி வலை, குளவி கட்டிய மண், கரப்பான் எச்சம், பச்சை பூத்த பின்கள் எல்லாம் இருக்கும்.

இந்த அழுக்கை எடுக்க என்று கடைகளில் விற்கும் பொருட்களையும், வீட்டில் கைக்குக் கிடைக்கிறதென்று பலர் எடுத்து ஊற்றும் பொருட்களையும் இங்கே எடை போடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (ஐபிஏ), ஒரு சின்ன பிரஷ், சரியாகக் கிரிம்ப் செய்த (கேபிள் நுனியில் கருவியால் அழுத்திப் பொருத்திய) ஒரு பிளக், இந்த மூன்றும் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். விலை அதிகமான ஸ்பிரேக்கள் மிச்சமிருக்கும் சில பிடிவாதமான போர்ட்டுகளுக்குத்தான் தேவை. சில பொருட்கள் நல்ல போர்ட்டையும் கெடுக்கும். அவற்றைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்

நெட்வொர்க் கேபிள் செருகும் ஆர்ஜே45 போர்ட்டில் எட்டுப் பின்கள் உண்டு. ஒவ்வொன்றும் பாஸ்பர் வெண்கலத்தில் செய்த வில் கம்பி. அதன்மேல் நிக்கல், நிக்கலின்மேல் தங்க முலாம். நல்ல போர்ட்டில் பிளக் தொடும் இடத்தில் தங்கம் 50 மைக்ரோ இஞ்ச், அதாவது சுமார் 1.27 மைக்ரான் இருக்கும். மலிவான பெட்டிகளில் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. நாம் பாதுகாக்க வேண்டிய பொருள் அந்த ஒரு மைக்ரான் தங்கம்தான். கீழே எதைப் புகழ்ந்தாலும் எதைத் திட்டினாலும் அளவுகோல் இதுவே.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போன் கேமராவின் மேக்ரோவும் போதும். சாம்பல் தூசும் பழுப்புப் பிசுக்கும் தெரிந்தால் நல்ல செய்தி, அவை மேலே படிந்தவை, போய்விடும். பச்சை தெரிந்தால் முலாம் தேய்ந்தோ நுண்துளை விழுந்தோ அடியிலுள்ள செம்புக் கலவை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கடலோர ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில் உப்புக் காற்றால் இது சகஜம். பின்னின் நுனியில் புள்ளி புள்ளியாகக் கருகல் இருந்தால் அது பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் முறை) சுமை ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கியதால் பாய்ந்த தீப்பொறியின் தடம். நல்ல வடிவமைப்பில் பொறி விழும் இடமும், பிளக் முழுதாக உள்ளே போனபின் தொடும் இடமும் வேறு வேறு. அதனால் நுனியில் மட்டும் கருகல் என்றால் கவலை வேண்டாம், நடுவளைவில் கருகல் என்றால் போர்ட் சந்தேகம்தான்.

அடுத்து எட்டுப் பின்களும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். யாரோ டெலிபோன் ஆர்ஜே11 பிளக்கைத் திணித்திருந்தால் ஓரத்திலுள்ள 1ஆம், 8ஆம் பின்கள் மட்டும் அமுங்கிக் கிடக்கும். ஆர்ஜே11 பிளக்கின் இரு ஓரமும் கெட்டிப் பிளாஸ்டிக், அது அந்தப் பின்களை அளவுக்கு மீறி அழுத்திவிடும். மெல்லிய கொக்கியால் மெதுவாகத் தூக்கிவிடலாம், ஆனால் வில்லின் பழைய விசை முழுதாகத் திரும்பாது. எந்த மருந்தும் இதைச் சரிசெய்யாது.

இன்னொரு சோதனை விலை பேசும்போதே செய்யக் கூடியது. பல சுவிட்சுகளில் நான்கு அல்லது எட்டுப் போர்ட்டுகளுக்குச் சேர்த்து ஒரே பிஹெச்ஒய் சிப் (கேபிளின் சமிக்ஞையைக் கையாளும் சிப்). அடுத்தடுத்து நான்கோ எட்டோ போர்ட்டுகள் கூட்டமாகச் செத்திருந்தால் அது இடியோ மின்னெழுச்சியோ தின்ற சிப், அழுக்கு அல்ல. அழுக்கு இப்படி வரிசை பார்த்துக் கெடுக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெடுக்கும்.

அழுக்குப் போர்ட்டுக்கு இன்னொரு அடையாளம், ஜிகாபிட் வேகத்தில் நிற்காமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுவது. 100 மெகாபிட்டுக்கு 1-2, 3-6 என்ற இரண்டு பின் இணைகளே போதும். ஜிகாபிட்டுக்கு 4-5, 7-8 இணைகளும் வேண்டும். எந்த வேகம் என்று இரு முனைகளும் நடத்தும் பேச்சுவார்த்தை முதல் இரண்டு இணைகளில் நடப்பதால் லிங்க் (இணைப்பு) வருவது போல் வந்து, மற்ற இணையில் ஒரு பின் ஒட்டாவிட்டால் வேகம் கீழே விழும். சில பெட்டிகளில் லிங்க் வந்து வந்து போகும். இப்படி நடக்கும் போர்ட்டை 'டெட்' என்று எழுதி ஒதுக்கிவிடாதீர்கள், துடைத்தால் பலன் தெரிய வாய்ப்புள்ளவை இவைதான்.

பிரஷ்: மருந்துக் கடையில் கிடைப்பதே சிறந்தது

பல் இடுக்குச் சுத்தம் செய்யும் சின்ன பிரஷ், 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் அளவு. பின்களுக்கு நடுவே உள்ள தூரம் 1.02 மில்லிமீட்டர்தான், இந்த மயிர் அதற்குள் இறங்கும். குறை ஒன்று: நடுவே ஓடும் கம்பியின் நுனி முலாத்தைக் கீறும். கழுத்தை 90 பாகைக்கு மடித்து, மயிரின் பக்கவாட்டு மட்டும் பின்னைத் தொடும்படி பிடித்தால் கீறாது.

இதற்கு மாற்று ஓவியக் கடையில் கிடைக்கும் தட்டை நைலான் பிரஷ். போர்ட்டின் வாய் சுமார் 12 மில்லிமீட்டர் அகலம், அதற்குள் நுழையும் அளவில் வாங்கி, மயிரை 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிவிட்டால் தேவையான விறைப்பு வரும். வேகம் என்று பார்த்தால் இதுதான் மேல். 24 போர்ட்டுக்கு மேல் இருக்கும் பெட்டிக்கு இதை எடுங்கள், பல் இடுக்கு பிரஷ்ஷைப் பிடிவாதமான மூலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிரஷ்ஷானாலும் பின் ஓடும் திசையிலேயே, வாயிலிருந்து உள்நோக்கி இழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒரு பின் தன் பள்ளத்திலிருந்து நழுவிப் பக்கத்துப் பின்னின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் இரண்டும் ஷார்ட். சுத்தம் செய்யப் போய்ப் போர்ட்டைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான்.

காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். பஞ்சு இழை பின்னில் மாட்டி, இழுக்கும்போது பின்னையும் சேர்த்து இழுக்கும். மாட்டிய இழை பிறகு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணாடி இழைப் பேனாவும் அப்படித்தான். அது முலாத்தையே சுரண்டும், உடைந்த கண்ணாடித் தூள் போர்ட்டுக்குள்ளேயே தங்கும்.

ஐபிஏ: சதவீதத்தைப் படித்து வாங்குங்கள்

மொபைல் சர்வீஸ் கடைகளுக்குப் பொருள் விற்கும் எல்லா இடத்திலும் கிடைக்கும். லேபிளில் 99 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 70 சதவீதம் என்றால் மீதி 30 தண்ணீர். ஆல்கஹால் முதலில் பறந்துவிடும், தண்ணீர் பின்னின் அடியில் தங்கி, ஏற்கெனவே இருந்த உப்பைக் கரைத்துப் பரப்பும். கைகழுவும் சானிடைசர் இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை முறையில் 1.45 சதவீதம் கிளிசராலும் 0.125 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கிறார்கள். கிளிசரால் ஆவியாகாமல் பிசுக்காக நிற்கும், பெராக்சைடு அரிப்புக்கு உதவும். ஜெல் வகையில் கெட்டிப்படுத்தும் பொருளும் சேரும். கைக்கு நல்லதெல்லாம் பின்னுக்கு நல்லதில்லை.

செலவு குறைவு. 24 போர்ட்டுக்கு 15 முதல் 20 மில்லி, 48 போர்ட்டுக்கு 40 மில்லி போதும். பாட்டிலுக்குள் பிரஷ்ஷை முக்காதீர்கள், ஒருமுறை முக்கினால் பாட்டில் முழுதும் அழுக்கு. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் 10 மில்லி ஊற்றி, நான்கு போர்ட்டுக்கு ஒருமுறை பிரஷ்ஷை அதில் அலசி, கலங்கியதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

இது தீப்பற்றும் பொருள். பற்றும் வெப்பநிலை சுமார் 12 பாகை செல்சியஸ், அதாவது நம் ஊரில் வருடம் முழுதும் பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சால்டரிங் அயர்ன் ஓட வேண்டாம். சுவிட்சின் பவர் கார்டு பிடுங்கப்பட்டிருக்க வேண்டும். பவர் சப்ளையில் தேங்கிய மின்சாரம் மெல்ல வடியட்டும் என்று பத்து நிமிடம் விடுங்கள்.

குறை என்று சொன்னால், எண்ணெய்ப் பிசுக்கையும் தூசையும் கரைக்கும், ஆனால் பச்சையை அசைக்காது. உலோக உப்பு ஆல்கஹாலில் கரையாது. அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

இருப்பதிலேயே மலிவான கருவி: ஒரு பிளக்

போர்ட்டின் வடிவமைப்பே தேய்ப்பை நம்பியது. பிளக் நுழையும்போது அதன் கத்திகள் (உலோகத் தகடுகள்) பின்மேல் உரசி மெல்லிய படலத்தைக் கிழித்துத் தொடும். அதையே நாம் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஐபிஏ பிரஷ் போட்டதும், ஈரம் காயுமுன், ஒரு புதிய நல்ல பிளக்கை 10 முதல் 15 முறை செருகி எடுங்கள். ஒவ்வொரு ஐந்து முறைக்கும் பிளக்கின் கத்திகளை இழை உதிராத துணியில் துடையுங்கள். கறுப்பாக வருவதைப் பார்த்தாலே பிரஷ் எதை விட்டுவைத்தது என்று தெரியும்.

ஐஇசி 60603-7 தரப்படி போர்ட் குறைந்தது 750 முறை செருகித் தாங்க வேண்டும். 15 முறை என்பது அதில் 2 சதவீதம். இந்த விலை கொடுக்கத் தக்கதே, ஆனால் மாதாமாதம் செய்யும் வேலை இல்லை.

கட்டாயமான எச்சரிக்கை: பிளக் கிரிம்ப் ஆகியிருக்க வேண்டும். கிரிம்ப் செய்யாத பிளக்கில் கத்திகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் செருகினால் எட்டுப் பின்களும் அளவுக்கு மீறி மடங்கும். பாக்கெட்டிலிருந்து எடுத்த வெறும் பிளக்கைப் பயன்படுத்தி ஒரு வரிசைப் போர்ட்டையே பாழாக்கலாம். பத்து சென்டிமீட்டர் கேபிள் துண்டோடு கிரிம்ப் செய்து, 'துடைக்க மட்டும்' என்று டேப் ஒட்டித் தனியாக வையுங்கள்.

கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேக்கள்

இந்த வரிசையில் இரண்டு வகை. ஒன்று காய்ந்து எதுவும் மிச்சம் வைக்காதது, மற்றது படலம் விடுவது. வாங்கும்போது இந்த வித்தியாசத்தைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒரே நிறுவனம் இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் விற்கிறது.

சிஆர்சி நிறுவனத்தின் கியூடி முதல் வகை. சீக்கிரம் காயும், மிச்சம் வைக்காது, பெரும்பாலான பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும். அதே சிஆர்சியின் 2-26 ஈரத்தை விரட்டும் மசகு எண்ணெய், படலம் விடும். கடைக்காரர் "ரெண்டும் எலக்ட்ரிக்கலுக்குத்தான் சார்" என்பார், உண்மைதான், ஆனால் போர்ட்டுக்குக் கியூடி மட்டுமே. டபிள்யூடி-40 ஸ்பெஷலிஸ்ட் கான்டாக்ட் கிளீனரும் இந்த முதல் வகையே. இவ்விரண்டுக்கும் நடுவே போர்ட் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை, கிடைப்பதை வாங்கலாம்.

நீலமும் மஞ்சளுமான சாதாரண டபிள்யூடி-40 வேறு கதை. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை அகற்றித் துருவைத் தடுக்க உருவான பொருள் அது. பெயரிலுள்ள டபிள்யூடி என்பதே ஈரம் அகற்றுவதைக் குறிக்கிறது. அடித்த அன்று போர்ட் பளிச்சென்று வேலை செய்யும், அதுதான் ஆபத்து. எண்ணெய்ப் படலம் நிற்கும், அதில் தூசு ஒட்டும், சில மாதத்தில் முன்பிருந்ததைவிடக் கெட்டியான பசை போர்ட்டுக்குள் உருவாகும். பழைய பெட்டியில் மஞ்சள் பசை படிந்த பின்களைக் கண்டால் முன்பு யாரோ எண்ணெய் ஸ்பிரே அடித்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். அதை எடுக்க ஐபிஏவில் இரண்டு மூன்று சுற்று வேண்டும்.

ஸ்பிரேயின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பலர் சுவிட்சை மேசையில் வைத்து, போர்ட் நிமிர்ந்திருக்க, குழாயைச் செருகி மூன்று நொடி அடிக்கிறார்கள். கரைந்த அழுக்கு வெளியே வராமல் உள்ளே ஓடி, பின்களின் வேர்ப்பகுதியிலும், பல போர்ட்டுகளில் அதே கூட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலும் படியும். பெட்டியைப் போர்ட் கீழ்நோக்கும்படி சாய்த்து, ஒரு நொடி அடித்து வடியவிட்டு, பிரஷ் போட்டு, மறுபடி ஒரு நொடி அடித்துக் கழுவுவதே முறை. இப்படிச் செய்தால் ஒரு டப்பா பல பெட்டிகளுக்கு வரும்.

டியாக்ஸிட் டி5 பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கெய்க் நிறுவனத்தின் இந்த ஸ்பிரேயில் மருந்து 5 சதவீதம், மீதி கரைப்பானும் உந்துவாயுவும். மற்றவை செய்யாத ஒன்றை இது செய்கிறது, உலோக ஆக்சைடை இளக்குகிறது. லேசான பச்சை, மங்கிப்போன கன்சோல் போர்ட், ஸ்டாக்கிங் கனெக்டர் போன்ற இடங்களில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். இறக்குமதிப் பொருள் என்பதால் விலை அதிகம், எல்லாப் போர்ட்டுக்கும் அடிப்பது வீண். தங்க முலாத்துக்கென்றே அதே நிறுவனம் டியாக்ஸிட் கோல்டு ஜி5 விற்கிறது. ஆனால் நல்ல தங்கம் இருக்கும் பின்னுக்கு ஐபிஏவே போதும், தங்கம் போன பின்னுக்கு ஜி5 தங்கத்தைத் திருப்பித் தராது. டி5 அடித்தபின் இரண்டு நிமிடம் விட்டு, பிளக்கால் தேய்த்து, ஐபிஏ பிரஷ்ஷால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். திறந்த வாயுள்ள போர்ட்டில் எந்தப் படலமும் தூசுக்கு விருந்து.

காற்று, தின்னர், ரப்பர்

காற்று டப்பா வசதியானது, ஆனால் தலைகீழாகப் பிடித்தால் திரவமே பீய்ச்சும். பல டப்பாக்களில் இருப்பது டைஃபுளூரோஈத்தேன், தீப்பற்றும். செலவைப் பார்த்தால் சின்ன எலக்ட்ரிக் புளோயர் நல்லது. டயர் கடை கம்பிரசர் வேண்டாம், அதன் காற்றில் தண்ணீரும் எண்ணெய்த் துளியும் வரும். எதில் ஊதினாலும் சுவிட்சின் ஃபேனை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் ஓவராகச் சுழன்றால் பேரிங் போகும்.

அடுக்குப் போர்ட்டுள்ள பெரும்பாலான சுவிட்சுகளில் மேல் வரிசையின் பூட்டுப் பக்கம் (பிளக்கின் கிளிப் மாட்டும் பக்கம்) மேலேயும் கீழ் வரிசையின் பூட்டுப் பக்கம் கீழேயும் இருக்கும். பின்கள் அதற்கு எதிர்ப்பக்கம். ஆகவே மேல் வரிசையில் பின்கள் தரையில் கிடக்கின்றன, தூசு நேராக அவற்றின்மேல் விழுகிறது. கீழ் வரிசையில் பின்கள் கூரையில் தொங்குகின்றன. நேரம் குறைவென்றால் மேல் வரிசையில் அதிக நேரம் செலவிடுங்கள்.

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் வேண்டாம். அசிட்டோனும் தின்னரும் முன்பக்கப் பிளாஸ்டிக்கையும், எல்இடி ஒளிக்குழாய்களையும் மங்க வைக்கும், விரிசல் விடவும் செய்யும். பென்சில் ரப்பரும் உப்புத்தாளும் பளபளப்பைக் காட்டி ஏமாற்றும். அந்தப் பளபளப்பு தங்கம் போய் நிக்கல் தெரிவது. சில மாதத்தில் மறுபடி அதே இடத்தில் கோளாறு, இம்முறை திருத்தவே முடியாது.

பிஓஇ போர்ட்டுக்குத் தனிக் கவனம்

லேப்டாப் செருகினால் போர்ட் அருமையாக ஓடும், கேமரா செருகினால் படம் உடையும். இந்தப் புகாரை அடிக்கடி கேமரா மேல் போடுகிறார்கள். காரணம் ஒரே ஒரு அழுக்குப் பின்னாக இருக்கலாம். 802.3ஏடி என்ற பிஓஇ தரத்தில் ஒரு இணை வழியாக 600 மில்லியாம்பியர் வரை போகும், இரு கம்பிகளும் 300, 300 என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பின்னின் தடை கூடினால் பங்கு சமமாக இராது. மின்னோட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, போர்ட்டுக்குப் பின்னாலுள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் ஃபெரைட் மையத்தைக் காந்தத்தால் நிறைவுறச் செய்யும். அப்போது டேட்டா சிதைந்து சிஆர்சி பிழை (சுவிட்ச் எண்ணிக் காட்டும் டேட்டா சிதைவு, ஸ்பிரே நிறுவனத்தின் பெயர் அல்ல) ஏறும். சுமை இல்லாதபோது பிழையே தெரியாது. வெப்பமும் கணக்கில் வரும்: நல்ல தொடுதடை 20 மில்லிஓமுக்குள் இருக்க வேண்டும், அது 1 ஓம் ஆனால் 300 மில்லியாம்பியரில் அந்த ஊசி முனையளவு இடத்தில் 0.09 வாட் சூடு. தொடர்ந்து ஓடினால் முலாம் மேலும் கெடும்.

ஆகவே பிஓஇ போர்ட்டைத் துடைத்தபின் பிஓஇ சுமையோடுதான் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கும் முன் சிஸ்கோ கட்டளையில் 'பவர் இன்லைன் நெவர்' கொடுத்து மின்சாரத்தை நிறுத்துங்கள். புதிய பொறித்தடம் விழாமல் இருக்க அதுவே வழி.

எஸ்எஃப்பி கூண்டும் ஃபைபர் மாட்யூலும்

எஸ்எஃப்பி கூண்டு என்பது கழற்றி மாட்டும் ஃபைபர் மாட்யூலைச் செருகும் இடம். அதற்குள் 20 தொடுமுனைக் கனெக்டர் ஆழத்தில் இருக்கிறது. பிரஷ் விடாதீர்கள், எட்டாது, வாயிலுள்ள வில் விரல்களை மடித்துவிடும். மெல்லிய காற்று, பிறகு ஒரு பழைய மாட்யூலின் தங்கப் பட்டையை ஐபிஏ துணியால் துடைத்து, காய்ந்ததும் ஐந்தாறு முறை செருகி எடுங்கள். அவ்வளவுதான்.

மாட்யூலின் ஒளித் துளை வேறு உலகம். சிங்கிள்மோட் ஃபைபரின் ஒளி ஓடும் மையம் சுமார் 9 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அங்கே ஒரு தூசு போதும். இதற்கு 1.25 மில்லிமீட்டர் எல்சி வகை (சின்ன ஃபைபர் கனெக்டர்) 'ஒன்-கிளிக்' கிளீனர்தான் பரிந்துரை. அழுத்தினால் உள்ளே நூல் நாடா சுழன்று துடைக்கும். ஃபுஜிகுரா, யுஎஸ் கோனெக் போன்றவர்களின் கருவிகள் 500 முறைக்கு மேல் துடைக்கும், கணக்குப் போட்டால் ஒரு துடைப்புக்கு ஆகும் செலவு சொற்பம். பெரிய எஸ்சி கனெக்டருக்கு 2.5 மில்லிமீட்டர் தனியாக வாங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் விலை அதிகமானாலும் தயங்காமல் வாங்கச் சொல்லும் ஒரே பொருள் இது.

மாட்யூல் துளைக்குள் ஐபிஏவோ ஸ்பிரேயோ வேண்டாம். உள்ளே போன திரவம் வெளியேற வழியில்லை, காய்ந்தால் லென்ஸில் கறை. பேட்ச் கார்டின் நுனிக்கு ஈரத்துடைப்பும் உடனே உலர்துடைப்பும் செய்யலாம். அழுக்கான கார்டைச் சுத்தமான மாட்யூலில் செருகினால் அழுக்கு இரண்டிலும் ஏறும், எனவே இரு பக்கமும் துடைத்தபின்பே சேர்க்க வேண்டும். ஃபைபருக்குள் கண்ணால் பார்க்காதீர்கள், 850, 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும்.

சோதிக்க சிஸ்கோவின் 'ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரான்சீவர்' கட்டளை ஒளியின் அளவைக் காட்டும், மாட்யூலும் அந்த அளவீட்டைத் தரும் வகையாக இருந்தால். ஜிஎல்சி-எல்ஹெச்-எஸ்எம்டி மாட்யூலுக்குப் பெறும் எல்லை மைனஸ் 3 முதல் மைனஸ் 19 டிபிஎம் (ஒளியின் சக்தியை அளக்கும் அலகு). துடைத்தபின் 3 டெசிபல் ஏறினால் வரும் ஒளி இரண்டு மடங்காகியிருக்கிறது.

உலர்த்தலும் சோதனையும்

ஐபிஏ அல்லது உலரும் ஸ்பிரேக்குப் பின் டேபிள் ஃபேன் முன் 30 நிமிடம், ஃபேன் இல்லாமல் 2 மணி நேரம். ஹீட் கன் வேண்டாம். மழைக்கால ஈரத்தில் இன்னும் சற்று விடுங்கள்.

துடைக்கும் முன்பே அளவு எடுத்து வைத்திருந்தால்தான் பலன் தெரியும். நல்லதென்று தெரிந்த ஒரு மீட்டர் கேட் 6 பேட்ச் கார்டு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்கோவில் 'கிளியர் கவுன்ட்டர்ஸ்' கொடுத்து, வேகம் அளக்கும் ஐபர்ஃப்3 மென்பொருள் கொண்டு பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். ஜிகாபிட்டில் நல்ல போர்ட் நொடிக்குச் சுமார் 940 மெகாபிட் தரும், பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 70 ஜிகாபைட் கடந்துபோகும். பிறகு 'ஷோ இன்டர்ஃபேஸஸ் கவுன்ட்டர்ஸ் எரர்ஸ்' பாருங்கள். இவ்வளவு குட்டையான கேபிளில் சிஆர்சி பிழை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஓடும்போதே பிளக்கை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். அசைத்தால் மட்டும் பிழை ஏறினால் அது அழுக்கு இல்லை, வில் தளர்ந்த பின். ஜிகாபிட் செப்புப் போர்ட்டுகளில் டிடிஆர் என்ற கேபிள் சோதனையும் உண்டு, எந்த இணை திறந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். அந்த இணையின் இரண்டு பின்களை மட்டும் மறுபடி லூப்பில் பார்த்தால் போதும்.

இரண்டு சுற்று துடைத்தும் சேராத போர்ட்டை மூன்றாவது சுற்றுக்கு இழுக்காதீர்கள். பச்சையாக இருந்து சுத்தமான போர்ட்டையும் முக்கியமான அப்லிங்குக்கு (வேறு சுவிட்சோடோ ரவுட்டரோடோ சேர்க்கும் இணைப்பு) கொடுக்காதீர்கள், முலாம் போன இடம் மறுபடி அரிக்கும். அதை ஒரு பிரின்டருக்கோ ஐபி போனுக்கோ விடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிழைக் கணக்கைப் பாருங்கள். சேராத போர்ட்டுக்கு கன்ஃபிகில் 'ஷட்டவுன்' கொடுத்து, வாயில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டுங்கள். மற்ற காலிப் போர்ட்டுகளுக்கு சிலிக்கோன் தூசு மூடி போடுங்கள். அது குளவி உள்ளே கூடு கட்டவும் விடாது.